மஞ்சள் வைக்காத கொப்பி

கனடாவுக்கு நான் கலியாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ போகவில்லை. கையால் எழுதிய ஒரு கொப்பியைப் பார்க்கப் போனேன். ஜெர்மனியில், டோட்மண்டில் எங்கள் சனம் இதைக் கேட்டுச் சிரிக்கும் என்று தெரியும். தெரிந்தும் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அந்தக் கொப்பி லோரே எழுதியதா, வேறு யாராவது எழுதியதா என்பதுதான் கேள்வி.

லோரே ஜெர்மன்காரி, கவிஞர். ரயில் பாதை, பாலம், உருக்கு ஆலை, ஆற்றில் போகும் கரிக்கப்பல் என்று எழுதியவர். அவருடைய கவிதை தன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது என்று என் மகன் வந்து சொன்ன அன்றுதான், நான் யாருடைய வீட்டைத் துடைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இருபத்துநான்கு வருடம் அந்த வீட்டில் வேலை செய்தேன். சமையல், துப்பரவு, கடை, மருந்து எல்லாம் என் பொறுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் எழுதியதில் ஒரு வரியையும் நானாக வாசித்ததில்லை. ஆனால் அவர் எழுதிய மேசையின் எந்தக் கால் ஆடும் என்று கேட்டால் என்னைத்தான் கேட்கவேண்டும்.

அவர் கண்ணை மூடி மூன்று வருடம். பிள்ளை இல்லை. தம்பியின் மகன் மார்ட்டின் ரொறன்ரோவில் இருக்கிறார். அத்தை வீட்டுக் கடதாசி எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டிக் கப்பலில் எடுத்துப்போய், அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்துவிட்டார். ஜெர்மனியிலும் கேட்டார்களாம். "நான் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

பங்குனியில் அவர் தொலைபேசி எடுத்தார்.

"புவனா, ஒரு கொப்பியில் சிக்கல். கையெழுத்து அத்தையுடையது மாதிரி இல்லை. பெயரும் இல்லை, திகதியும் இல்லை. புதன்கிழமைகளில் அத்தையிடம் எழுதிப் பழக வந்த பெண்கள் விட்டுப்போன கொப்பிகள் இரண்டு ஏற்கனவே பெட்டிக்குள் இருந்தன. இதுவும் அப்படி ஒன்று என்றுதான் நூலகத்தில் நினைக்கிறார்கள். அப்படியென்றால் வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். வந்து பார்ப்பீர்களா?"

இருபத்துநான்கு வருடத்தில் எழுத்து விஷயமாக என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. வருகிறேன் என்றேன்.

என் தங்கச்சி ராணி ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் இருக்கிறாள். வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொன்னாள்.

"அக்கா, முதலே சொல்லிப்போடுறன். எங்களுக்குத் துடக்கு. இவரின்ரை சித்தப்பா ஸ்கார்பரோவிலை போய் ரெண்டு கிழமை. முப்பத்தொண்டு இன்னும் கழியேல்லை."

துடக்கு என்றால் சாவுத் தீட்டு; வீட்டில் விளக்கு வைப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை.

"உனக்கெண்டு நண்டு வாங்கி வைச்சனான்," என்றாள். "ஃபிரீசருக்குள்ள கல்லு மாதிரிக் கிடக்குது."

"மனிசன் நான் திரும்பிப் போகுமட்டும் பொறுத்திருக்கலாம்."

"மெல்லக் கதை அக்கா. இவருக்குக் கேக்கும்."

ஆகவே கனடாவில் நான் முதல் மூன்று நாளும் சாப்பிட்டது பருப்பும் கத்தரிக்காயும். நன்றாகத்தான் இருந்தது. இங்கத்தைக் கத்தரிக்காய் பெரிது, தண்ணித்தன்மை. ஜெர்மனியில் கிடைப்பதும் அப்படித்தான், ஆனால் ராணி பொரித்த விதம் எங்கள் அம்மாவின் விதம். காலைக்குச் சாப்பிடும் பாண் மட்டும் எனக்குச் சரிவரவில்லை. பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஜெர்மன் பாணை நான் முதல் பத்து வருடம் திட்டினேன், இப்போது அது இல்லாமல் முடியவில்லை. அதை ராணிக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு. காரில் கூட்டிப்போக முடியாது, ராணியின் கணவருக்கு வேலை. ரயிலில் போவோம், எனக்கு எல்லாம் தெரியும் என்றாள் ராணி. பதினெட்டு வருடம் அந்த ஊரில் இருக்கிறாள், உண்மை. ரயிலில் எத்தனை தரம் ஏறினாள் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

இரண்டு தட்டு ரயில். மேல்தட்டில் யன்னலோரம் இருந்தோம். "இப்ப ஏரி தெரியும் பார். கடல் மாதிரி," என்றாள். பார்த்தேன். கார் நிறுத்தும் வெளி வந்தது. பிறகு இன்னொரு கார் நிறுத்தும் வெளி. ஏரி வரவில்லை.

எதிரே வேலைச் சப்பாத்தும் கருவிப் பையுமாக ஒருவர் இருந்தார், ஐம்பது வயது இருக்கும். எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்ரி, நீங்க டவுன்ரவுனுக்கா? இது ஓஷாவா போற ரெயின். பின்பக்கமாப் போறீங்க."

நான் ராணியைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள்.

அவர் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் திருத்துகிற வேலை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று விரலால் தன் முழங்காலில் கீறிக் காட்டினார். பிறகு பையிலிருந்து தாளில் சுற்றிய மீன் கட்லட்டை எடுத்து நீட்டினார். மனைவி செய்ததாம்.

ராணி கையை ஆட்டினாள்.

"தங்கச்சி நோன்போ?" என்றார்.

"நோன்பில்லைத் தம்பி, துடக்கு. புருசன் பக்கத்துத் துடக்கு," என்றேன்.

"அப்ப உங்களுக்கு?"

"செத்த மனிசனை எனக்கு முகமறியாது." எடுத்துச் சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, மேலே மொறுமொறுப்பாக இருந்தது. கனடாவில் நான் சாப்பிட்டவற்றில் அதுதான் முதலிடம்.

"டவுன்ரவுன்ல ஆஸ்பத்திரிக்கா அன்ரி?"

"இல்லை, நூலகத்துக்கு. ஒரு கொப்பி பாக்க."

"கொப்பி பாக்க ஜெர்மனியில இருந்தா?"

"ஓம்."

அவர் சிரிக்கவில்லை. "பெறுமதியான கொப்பியா இருக்கும்," என்று சொல்லி இன்னொரு கட்லட் தந்தார்.

நூலகத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனோம். மார்ட்டின் வாசலில் நின்றார். லோரேயின் மூக்கு அப்படியே அவருக்கு. கடதாசிகளுக்குப் பொறுப்பான பெண்ணின் பெயர் கிளேர். நரைத்த கட்டை முடி, கழுத்தில் கண்ணாடி தொங்கும். ஜெர்மன் படித்தவராம், ஆனால் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். நான் ஓடிய இடத்தில் அவர் நடந்தார். எனக்கு ஆங்கிலம் வராது என்று நான் வெட்கப்படவில்லை.

உள்ளே போவதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. பை வெளியே. பேனை கூடாது, பென்சில் மட்டும். கை கழுவித் துடைக்கவேண்டும். ஈரக்கையோடு நான் வருடக்கணக்காகத் தூக்கி அடுக்கிய கொப்பிகள் அவை. இருந்தாலும் கழுவினேன். கோயிலில் கால் கழுவுவதில்லையா.

பெட்டிகள் சாம்பல் நிறம். கிளேர் ஒவ்வொன்றாகத் திறந்தார். என் லோரேயின் கொப்பிகள், ஒன்றுக்கொன்று மெல்லிய தாள் இட்டு, குழந்தையைக் கிடத்தினது மாதிரிக் கிடந்தன.  அவர் வீட்டில் அவை குளியலறை யன்னலிலும் கிடக்கும்.

"இந்தக் கறைதான் எங்களுக்கு விளங்கவில்லை," என்றார் கிளேர். "ஒவ்வொரு கொப்பியின் மட்டையிலும் மேல் மூலையில் மஞ்சள் கறை. உணவாக இருக்கலாம் என்று பட்டியலில் எழுதியிருக்கிறோம். துப்பரவாக்க அடுத்த மாதம் ஆள் வருகிறார்."

"துடைக்கப்போகிறீர்களா?" என்றேன். "அது நான் வைத்தது."

பிறகு சொன்னேன். லோரேக்குக் கொப்பி வாங்குவது நான். மரக்கறியோடு சேர்த்து வாங்கி வருவேன். எங்கள் வழக்கத்தில் புதுச்சீலை என்றாலும் புதுக்கொப்பி என்றாலும் மூலையில் கொஞ்சம் மஞ்சள் வைத்துத்தான் எடுப்போம். முதல்தரம் குசினியில் வைத்துப் பூசும்போது லோரே பிடித்துவிட்டார். என்ன செய்கிறாய் என்றார். நல்லாய் வரட்டும் என்று வைக்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கொப்பி புத்தகமாகிப் பரிசும் கிடைத்தது. அதற்குப் பிறகு மஞ்சள் இல்லாத கொப்பியை அவர் தொடமாட்டார். நான் கடையால் வந்ததும் பைக்குள் கையை விட்டு எடுத்து என்னிடம் நீட்டி, "பூசு" என்பார்.

கிளேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார். மார்ட்டின் ஒரு கொப்பியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். கிளேர் இருமினார். அவர் வைத்துவிட்டார்.

"மஞ்சள் இருந்தால் அது லோரேயின் கொப்பி. இல்லாவிட்டால் இல்லை," என்றேன். தீர்ப்புச் சொல்கிற நீதவான் மாதிரிச் சொன்னேன். அந்த நேரம் எனக்கு நல்ல இறுமாப்பு.

அப்போதுதான் கடைசிப் பெட்டியிலிருந்து அந்தக் கொப்பி வந்தது. சாம்பல் மட்டை, மெல்லியது. எழுத்து பெரிதாக, இடப்பக்கம் சரிந்து, சில இடங்களில் கோட்டை விட்டு இறங்கியிருந்தது. நான் மூலையைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

மஞ்சள் இல்லை. நான் அதை ஒருநாளும் கண்டதும் இல்லை.

"இது அவருடையது இல்லை," என்றேன்.

கிளேர் பென்சிலால் எழுதினார்.  வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மார்ட்டின் சொன்னார். "யார் எழுதியதோ, நன்றாக எழுதியிருக்கிறார். ஒரு வீட்டைப் பற்றி. அத்தை வீட்டைப் பற்றி எழுதியதே இல்லை. அவருடையதாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்."

திரும்பும் ரயில் சரியான பக்கம் போனது. ஏரியும் தெரிந்தது. ராணி சொன்னபடி கடல் மாதிரித்தான். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன், பிறகு ஏன் பிழை செய்தது மாதிரி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை ஸ்கார்பரோவுக்குக் கடை பார்க்கப் போனோம். தமிழில் பெயர்ப்பலகை ஒன்றையடுத்து ஒன்று. நகைக்கடை, பல் வைத்தியர், வீடு விற்பவரின் பெரிய படம், அதில் பற்கள். டோட்மண்டில் ஒரு தமிழ்க் கடைக்கு முன்னால் நின்று ஊர்க்கதை முழுக்கக் கதைத்துவிடுவோம். இங்கே எந்தக் கடைக்கு முன்னால் நிற்பது என்றே தெரியவில்லை. சீலைக்கடையில் ராணி எனக்கு நாவல் நிறத்தில் ஒன்று எடுத்தாள். துடக்குக்காரி தனக்கு எடுக்கக்கூடாது, எனக்கு எடுக்கலாமாம். கடைக்காரப் பெண், "அன்ரிக்கு இது வயதைக் குறைச்சுக் காட்டும்," என்றாள். "எவ்வளவு குறைக்கும் பிள்ளை?" என்றேன். "ஒரு பத்து." "போதாது," என்றேன்.

வீட்டுக்கு வந்து சீலையைக் கட்டிலில் விரித்துவிட்டு, "ராணி, கொஞ்சம் மஞ்சள் எடுத்தா, மூலையிலை வைப்பம்," என்றேன்.

"உனக்கென்ன மறதியே? துடக்கு வீட்டிலை மஞ்சள் வைக்கிறதே? கொண்டுபோய் உன்ரை வீட்டிலை வை," என்றாள். "அத்தார் செத்த நேரம் நீயும் முப்பத்தொரு நாள் ஒண்டிலையும் மஞ்சள் வைக்கேல்லைத்தானே."

நான் சீலைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

என் மனிசன் போனது ஒரு தைமாதம், நல்ல பனி. அந்த மாதத்தை நான் நினைக்கிறதில்லை. நினைக்கக்கூடாது என்று மூடி வைத்த பெட்டி அது. முப்பத்தொரு நாளும் நான் லோரே வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாதம் அவருக்குக் கொப்பி வாங்க ஆள் இல்லை. வாங்கியிருந்தாலும் மஞ்சள் வைக்கக் கை இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று லோரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உருளைக்கிழங்கு சலாட் ஒரு பெரிய கோப்பையில், இடக்கையில் அணைத்துப் பிடித்தபடி. வலக்கை மேலங்கிப் பைக்குள். பெண்களோடு பாயில் ஒரு மணித்தியாலம் இருந்தார். அவர்களுக்கு அவர் பேசியது விளங்கவில்லை, அவருக்கு அவர்கள் அழுதது விளங்கியது. தேத்தண்ணியை இடக்கையால் வாங்கினார். வெள்ளைக்காரருக்கு வலக்கை இடக்கை பேதமில்லை என்று அன்று நினைத்தேன். நான் வேலைக்குத் திரும்பிய நாள் அவருடைய வலக்கையில் எலும்பு முறிவுக்குப் போடும் மாக்கட்டு. "படியில் வழுக்கினேன்," என்றார். எங்கள் கட்டடத்துப் படியில்தான் வழுக்கினார் என்று கீழ்வீட்டுத் துருக்கிக்காரி பல மாதம் கழித்துச் சொன்னாள். முறிந்த கையோடு மேலே ஏறி வந்து, இருந்து, பிறகு தனியே பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

அன்று ஒரு புதுக்கொப்பியை என்னிடம் நீட்டினார். "பூசு."

"புருசன் இல்லாதவள் இனி மஞ்சள் வைக்கக்கூடாது, லோரே."

"எழுதப்போவது நான். உன் புருசனா எழுதினார் இவ்வளவு நாளும்?" என்றார். நான் அழுதுகொண்டு சிரித்தேன். பூசினேன். "நீ இல்லாத மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை," என்றார்.

அதை நான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

ஞாயிறு காலை மார்ட்டினுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். அது லோரேயின் கொப்பி. மஞ்சள் இல்லாதபடியால்தான் அது லோரேயின் கொப்பி," என்றேன்.  மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். மெதுவாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை. கிளேர் போன முறையே ஒப்பிட்டுப் பார்க்க மஞ்சள் கேட்டிருந்தார். ராணியின் குசினியில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த முறை ரயில் மேடையில் எந்தப் பக்கம் என்று நான்தான் ராணிக்குச் சொன்னேன்.

கிளேர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை. பிறகு பணிவாகத்தான் கேட்டார்.

"நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை இல்லை என்றீர்கள். இன்று ஓம் என்கிறீர்கள். நான் எதைக் காட்டி எழுதுவது?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"வீட்டுக் கடதாசிப் பெட்டி எங்கே?" என்றேன். "லோரே ஒன்றையும் எறியமாட்டார். எறிய நானும் விடமாட்டேன். எழுத்து இருக்கிற தாளைக் குப்பையில் போடக்கூடாது. ஆஸ்பத்திரிக் கடதாசி இருக்கும், பாருங்கள்."

பெட்டி வந்தது. தண்ணீர், மின்சாரம், பல் வைத்தியர், பூனைக்கு ஊசி போட்ட கடதாசி. எல்லாம் நான் ஒரு கம்பியில் குத்தி வைத்த ஒழுங்கிலேயே இருந்தன. கிளேர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். மார்ட்டின் நின்றுகொண்டே பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். 

ஒரு தாளில் கிளேரின் விரல் நின்றது. மெதுவாக ஜெர்மனில் வாசித்தார். வலது மணிக்கட்டு முறிவு. ஆறு கிழமைக்குக் கட்டு. திகதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் கணவர் இறந்த நாள்?"

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். எட்டாம் நாள்.

மார்ட்டின் கொப்பியைத் திறந்தார். இடக்கையால் எழுதினால் எழுத்து இப்படித்தான் சரியும், இறங்கும். இப்போது பார்க்க எனக்கே அது தெரிந்தது. அவர் ஒரு பக்கத்தை எனக்காக வாசித்தார். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மூன்று கிழமையாக இந்த வீட்டில் இல்லை, நான் வாய்விட்டுத் திட்ட ஆளில்லை, ஆகவே பாலங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று அதில் இருந்தது. இன்னும் இருந்தது. அது எனக்குள் இருக்கட்டும்.

ஒன்றும் எழுதவில்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. மஞ்சள் வைக்காததை அவர் எழுத்தாகச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொன்னதையெல்லாம் கிளேர் தட்டெழுத, மார்ட்டின் எனக்கு வாசித்துக் காட்டினார். கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன். பென்சிலால்தான். ஆறுதலாக எழுதினேன், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கிளேர் பட்டியலில் உணவுக் கறை என்றிருந்ததை வெட்டி, மஞ்சள், புவனா வைத்தது என்று மாற்றினார். துடைக்க வருபவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கடைசிப் பெட்டியில் அந்தக் கொப்பிக்கு இடம் விட்டு மற்றவற்றை நகர்த்தினார்.

மார்ட்டினுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வாசலில் கிளேரிடம் கொடுத்து, அவர் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்ட மஞ்சள் பொட்டலம் மேசையில் இருந்தது. அதைக் காட்டி, "புவனா, இப்போது இதற்கும் பூசிவிடுங்களேன். ஒரு புள்ளி. அத்தைக்குச் சந்தோஷமாக இருக்கும்," என்றார்.

கிளேரின் பென்சில் அந்தரத்தில் நின்றது. பாவம், வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

"இல்லை மார்ட்டின்," என்றேன். "அது இப்படியே இருக்கட்டும். அந்த மாதம் நான் அங்கே இருக்கவில்லை. இருந்தேன் என்று இப்போது வந்து சொல்லக்கூடாது."

பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டேன்.

ரயிலில் ஏரிப்பக்கமாக யன்னலோரம் பிடித்தோம். இந்த முறை நன்றாகப் பார்த்தேன். வெயில் விழுந்து தண்ணீர் முழுக்கத் தகடு மாதிரி. ராணி என் பையைத் துழாவினாள், கச்சான் கடலை இருக்கும் என்று நினைத்து.

"என்னக்கா இது, பொட்டலம்?"

"உன்ரை மஞ்சள்தான்," என்றேன். "பின்னேரம் பருப்புக்குப் போடு."